காலை ஐந்தரை மணி மாத்திரை: தைராய்டு, பாராதைராய்டு மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன?

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். "எனக்குத் தைராய்டு இருக்கு தம்பி, அந்தத் தைராய்டு மாத்திரை குடு" என்ற பேச்சை வாரத்துக்கு நாலைந்து முறையாவது கேட்டுவிடுவேன். ஒருநாள் ஓர் அக்கா, வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத டப்பாவைப் பாதி காலியாகக் கொண்டுவந்து இன்னொன்று கேட்டார். மீதி எங்கே என்று கேட்டேன். "நாத்தனாருக்கும் தைராய்டுதான். அவங்களுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, நான்தான் கொட்டிக் குடுத்தேன்" என்றார். நாத்தனார் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். வந்த படத்தில் கார்பிமசோல் என்று இருந்தது. அக்காவின் டப்பாவில் இருந்தது தைராக்ஸின்.

ஒன்று தைராய்டு ஹார்மோனை உடம்புக்குக் கொடுக்கிற மாத்திரை. மற்றது அந்த ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கிற மாத்திரை. ஏற்கெனவே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும் நாத்தனாருக்கு இன்னும் கொஞ்சம் ஹார்மோன் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாளே தெரியவந்ததால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து "தைராய்டு இருக்கு" என்று யார் சொன்னாலும், "குறைவா, கூடுதலா?" என்று கேட்காமல் நான் விடுவதில்லை. பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. அது அவர்கள் தவறில்லை, யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

தைராய்டு என்பது நோயின் பெயர் இல்லை. எல்லோர் கழுத்திலும், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கிற சுரப்பி அது. சாப்பாட்டில் வரும் அயோடினை இழுத்துவைத்து இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. நான்கு அயோடின் அணு கொண்டது டி4, அதுதான் தைராக்ஸின். மூன்று அணு கொண்டது டி3. சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியே அனுப்பும். உடம்பு அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி, வேண்டும்போது வேண்டிய இடத்தில் டி3 ஆக்கிக்கொள்ளும். வேலையைச் செய்வது டி3, இருப்பில் இருப்பது டி4. இதயம் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்பதிலெல்லாம் இதற்குப் பங்கு உண்டு. குறைந்தால் அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முகம் உப்புதல், மாதவிடாய்க் கோளாறு. கூடினால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது.

அப்புறம் இந்த டி.எஸ்.எச். லேப் ரிசல்ட்டில் "டி.எஸ்.எச். 18" என்று பார்த்துவிட்டு, தைராய்டு கூடிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மை அதற்கு நேர்மாறு. டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளி வரத் தாமதமானால் "சாம்பார், சாம்பார்" என்று கூப்பிடும் குரல் கூடிக்கொண்டே போகும். இலையில் ஊற்றியாயிற்று என்றால் குரல் அடங்கிவிடும். டி.எஸ்.எச். அந்தக் குரல். எண் உயர்ந்தால் ஹார்மோன் போதவில்லை. எண் மிகவும் இறங்கினால் ஹார்மோன் வழிகிறது. பெரியவர்களுக்குத் தோராயமாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு, லேபுக்கு லேப் சற்று மாறும்.

குறைவுக்குத் தரும் மருந்து லெவோதைராக்ஸின். கடையில் தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று பல பெயர்களில் கிடைக்கும். உடம்புக்குப் பழக்கமில்லாத புதுப்பொருள் எதுவும் இதில் கிடையாது. நம் சுரப்பி செய்யும் அதே டி4-ஐ வெளியில் செய்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது இல்லாத காலத்தில் தைராய்டு செயலிழந்தவர்கள் வீங்கி, மந்தமாகி, மெல்ல மெல்லச் செத்துப்போனார்கள். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் முகவீக்கம் வடிந்து, பேச்சு தெளிந்து, அந்தம்மா எழுந்து நடமாடினார். 74 வயதுவரை வாழ்ந்தார். அதற்கு நூற்றுக்கணக்கான ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. 1914-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-ல் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்கரும் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினார்கள். இன்று நாம் ஒரு டப்பாவைக் குலுக்கி ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டுக்கொள்வதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

அந்த மாத்திரையில் மருந்து எவ்வளவு தெரியுமா? டப்பாவில் 25, 50, 75, 100 என்று போட்டிருப்பது மில்லிகிராம் இல்லை, மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதே 500 மில்லிகிராம் தைராக்ஸின் இருந்தால், தினம் 100 மைக்ரோகிராம் வீதம் ஒருவருக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரும். இவ்வளவு துளி மருந்து என்பதால்தான் 75-க்கும் 88-க்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட மருத்துவர்கள் பார்க்கிறார்கள். "75 இல்லையா, சரி, 100 குடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்காததும் அதனால்தான். சுரப்பி முழுவதுமாக வேலை செய்யாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கு. வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-ல் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். மந்தமாக ஓடிப் பழகிவிட்ட இதயத்தைத் திடீரென்று விரட்டக் கூடாது.

தைராக்ஸினிடம் ஒரு நிதானம் உண்டு. உள்ளே போன அளவில் பாதி வெளியேறவே ஒரு வாரம் ஆகும். அதனால் ஒருநாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு அதனால் எதுவும் ஆகாது. ஆனால் இந்த நிதானம் மறுபக்கமும் வேலை செய்யும். டோஸ் மாற்றினால் ரத்தத்தில் அளவு ஒரு நிலைக்கு வர ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள் என்று மருத்துவர் சொல்வது அதற்காகத்தான். பத்தே நாளில் "மாத்திரை போட்டும் அசதி போகல" என்று தானே ஒரு மாத்திரை கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அளவு மீறினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், வருடக்கணக்கில் போனால் எலும்பு தேயும்.

இனி காபி. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் தைராய்டு மாத்திரை தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். லெவோதைராக்ஸினைக் குடல் உறிஞ்சுவதே ஒரு சங்கடமான வேலை. வயிறு காலியாக இருந்தால் நன்றாக உறிஞ்சும். கூட எது இருந்தாலும் குறையும். காபி குறைக்கும். பால் குறைக்கும். நம் ஃபில்டர் காபியில் இரண்டும் இருக்கின்றன. எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து முதல் காபி. காலை ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காபி என்று பழகிக்கொண்டவர்களின் டி.எஸ்.எச். நிலையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விடிந்ததும் காபி இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு: இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடலாம். அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். எந்த நேரமாக இருந்தாலும் தினமும் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம்.

காபியைவிடப் பெரிய எதிரிகள் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். இவை வயிற்றிலேயே தைராக்ஸினைப் பிடித்துக் கட்டிவிடும், குடலுக்குள் விடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இது கர்ப்பிணிகளுக்குத்தான் அதிகம் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, தைராய்டு மாத்திரை மூன்றையும் மறக்காமல் இருக்க ஒரே வாயில் காலையில் போட்டுவிடுகிறார்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் டி.எஸ்.எச். ஏறுகிறதே என்று கவலைப்படுகிறார்கள். காலையில் தைராக்ஸின், மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவு இரும்பு என்று பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வயிற்றெரிச்சலுக்குப் போடும் மாத்திரைகளும் உறிஞ்சுதலைக் குறைக்கும் என்பதை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

கர்ப்பம் என்று வந்ததால் இன்னொன்று. "வயித்துல பிள்ளை இருக்கு, மாத்திரை எதுவும் வேண்டாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். தைராக்ஸினை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் குழந்தையின் தைராய்டு தானாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. மூளை வளர அம்மாவின் ஹார்மோனைத்தான் நம்பி இருக்கிறது. அந்த நேரத்தில் தேவை கால் பங்குக்கு மேல் கூடும். நிறுத்துவது கிடக்கட்டும், கர்ப்பம் உறுதியான வாரமே மருத்துவரைப் பார்த்து டோஸை ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆயுசு முழுக்கப் போட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. சுரப்பியை எடுத்துவிட்டவர்களுக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அரித்துவிட்ட ஹாஷிமோட்டோ நோய்க்காரர்களில் பெரும்பாலோருக்கும் ஆம். பிரசவத்துக்குப் பிறகு வரும் குறைவு பலருக்குத் தற்காலிகமானது. டி.எஸ்.எச். லேசாக மட்டும் உயர்ந்து, டி4 சரியாக இருந்தால் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். எடை குறைய இதைப் போடலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கூடாது. தைராய்டு சரியாக உள்ளவர் அதற்காகப் போட்டால் எடைக்கு முன்னால் இதயம் அடிவாங்கும்.

டப்பாவைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைக்காதீர்கள். வெயில், சூடு, ஈரம் மூன்றும் இந்த மருந்தைக் கெடுக்கும். மொத்தமாகக் கொட்டி வேறு டப்பாவுக்கு மாற்றவும் வேண்டாம். கம்பெனி மாற்றினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆறு வாரம் கழித்து ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நாத்தனாரின் பக்கம். ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பவர்களுக்கு நம் ஊரில் முதல் மருந்து கார்பிமசோல். உள்ளே போனதும் மெத்திமசோலாக மாறும். அயோடினைக் கோத்து ஹார்மோன் செய்யும் நொதியை இது தடுத்துவிடும். ஆனால் புதிதாகச் செய்வதைத்தான் தடுக்கும். சுரப்பிக்குள் ஏற்கெனவே சேர்த்துவைத்த சரக்கு வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் நிம்மதி வர மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்க ப்ரோப்ரனலால் கொடுப்பார்கள். அது ஹார்மோன் சுரப்பதைத் தடுக்காது, அறிகுறிகளை மட்டும் சாந்தப்படுத்தும். ஆஸ்துமா இருப்பவர்கள் அதைச் சொல்லாமல் இந்த மாத்திரையை வாங்கவே கூடாது.

கார்பிமசோல் வாங்க வரும் ஒவ்வொருவருக்கும் நான் அட்டையின் பின்புறம் பேனாவால் இரண்டு வார்த்தை எழுதிக் கொடுப்பேன்: காய்ச்சல், தொண்டைவலி. ஆயிரம் பேரில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இந்த மருந்து வெள்ளை அணுக்களைத் திடீரென்று விழச் செய்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். கிருமியோடு சண்டைபோட ஆள் இல்லாமல் உடம்பு நிற்கும். அதன் முதல் அடையாளம் சாதாரணச் சளிக்காய்ச்சல் மாதிரியே இருக்கும், தொண்டை மட்டும் ரொம்ப வலிக்கும். அப்போது கஷாயம் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் ஓர் உயிர் தப்பும். லேசான அரிப்பு, தடிப்பு வருவது வேறு. அதற்கு மருத்துவரைக் கேட்டால் போதும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கார்பிமசோல் குழந்தைக்குக் குறைகளை உண்டாக்கக்கூடும் என்பதால் புரோபைல்தயோயுராசிலுக்கு மாற்றுவார்கள். மற்ற நேரங்களில் அதைத் தவிர்ப்பதற்குக் காரணம், அது சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே பேசிவிடுவது நல்லது.

ஒன்றிலிருந்து ஒன்றரை ஆண்டு மாத்திரை முடிந்து நிறுத்தினால், எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தூண்டிக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. அப்போது அறுவைச் சிகிச்சை அல்லது கதிரியக்க அயோடின். பின்னது கேட்கப் பயமாக இருந்தாலும் எளிமையானது. தைராய்டு அயோடினை ஆசையாக இழுக்கும் என்பதால், கதிர்வீசும் அயோடின்-131-ஐ வாய்வழியாகக் கொடுத்தால் அது சுரப்பிக்கே போய்ச் சேர்ந்து அங்கேயே வேலையை முடிக்கும். எட்டு நாளில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும். கதிரியக்க அயோடின் சிகிச்சையை 1941-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் முதலில் கொடுத்தார். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கூடாது. சில நாள் குழந்தைகளை மடியில் வைக்காமல், தனியே படுக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் பிறகு சுரப்பி அடங்கிப்போய், அக்காவின் டப்பாவுக்கே வந்து சேர்வார்கள். கூடுதலில் தொடங்கியவர் குறைவின் மாத்திரை சாப்பிடுவது அப்படித்தான்.

இப்போது பாராதைராய்டு. பெயர் ஒட்டியிருப்பதால் இதுவும் தைராய்டுதான் என்று நினைக்கிறார்கள். தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும், அரிசி, பருப்பு அளவே உள்ள நான்கு சுரப்பிகள். 1850-வாக்கில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் கவனித்தார். மனிதர்களில் 1880-ல் உப்சாலாவில் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் விவரித்தார். வேலை முற்றிலும் வேறு: ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது. இங்கே தைராய்டின் நிதானம் எதுவும் கிடையாது. இது சுரக்கும் பி.டி.எச். ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும். கால்சியம் இறங்கினால் அந்த நிமிடமே எலும்பிலிருந்து எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டி-யைச் செயல்பட வைக்கச் சிறுநீரகத்தைத் தூண்டும்.

இந்தச் சுரப்பி கூடுதலாகச் சுரந்தால் கால்சியம் ஏறும். சிறுநீரகக் கல், எலும்புத் தேய்வு, மலச்சிக்கல், சோர்வு. பெரும்பாலும் நான்கில் ஒன்று வீங்கியிருக்கும், அதை அறுத்து எடுப்பதே தீர்வு. முடியாதவர்களுக்கு சினகால்செட் என்ற மாத்திரை உண்டு. கால்சியம் நிறைய இருக்கிறது என்று சுரப்பியை நம்பவைத்து அதை அடக்கும். குமட்டல் வரும், சாப்பாட்டோடு போட வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதாலேயே இந்தச் சுரப்பிகள் பெருத்துவிடுகின்றன. அவர்களுக்குச் சாப்பாட்டில் உள்ள பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் செவலமர் போன்ற மாத்திரைகளும் சேரும்.

சுரப்பது குறைந்தால் என்ன ஆகும் என்பதை என் அத்தையிடம் பார்த்தேன். கழுத்தில் பெரிய கழலை, தைராய்டை முழுவதுமாக எடுத்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் அந்த நான்கும் அறுவைச் சிகிச்சையில் அடிபடுவது நடக்கிற ஒன்றுதான். இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்றார். செவிலியர் ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை கட்டிக் காற்றடித்தார். கொஞ்ச நேரத்தில் அத்தையின் விரல்கள் தானாக இழுத்துக்கொண்டு, விபூதி எடுக்கிற கை மாதிரி குவிந்து நின்றன. விரிக்கச் சொன்னால் விரியவில்லை. கால்சியம் 7.1 இருந்தது, எட்டரைக்கு மேல் இருக்க வேண்டியது. நரம்பு வழியாகக் கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்றினார்கள், இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே. அரை மணியில் விரல்கள் விரிந்தன.

வீட்டுக்கு வரும்போது சீட்டில் மூன்று மருந்து: தைராக்ஸின், கால்சியம் கார்பனேட், கால்சிட்ரியால். கால்சியம் அட்டையில் 1250 மில்லிகிராம் என்று இருந்தாலும் அதில் உண்மையான கால்சியம் 500 தான், மீதி கார்பனேட். இது கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். கால்சிட்ரியால் எதற்கு, நாம் வாரம் ஒருமுறை போடும் அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி போதாதா என்று மாமா கேட்டார். போதாது. அந்த வைட்டமினைச் சிறுநீரகம் கடைசியாக ஒருமுறை மாற்றினால்தான் அது வேலைக்கு ஆகும். மாற்றச் சொல்லும் பி.டி.எச். அத்தையிடம் இல்லை. கால்சிட்ரியால் ஏற்கெனவே மாற்றி முடித்த வடிவம், கால் மைக்ரோகிராமே போதும். கால்சியத்தை நிறையப் போட்டு 10-க்கு ஏற்றிவிடலாமே என்றும் தோன்றும். அதுவும் கூடாது. பி.டி.எச். இல்லாமல் சிறுநீரகத்தால் கால்சியத்தைப் பிடித்துவைக்க முடியாது, சிறுநீரில் வழிந்து கல்லாகும். அதனால் எண்ணை இயல்பின் கீழ்ப்பக்கத்திலேயே நிறுத்துவார்கள். சுரப்பி நிரந்தரமாகப் போனவர்களுக்கு விடுபட்ட ஹார்மோனின் வேலை செய்யும் பகுதியை ஊசியாகக் கொடுக்கும் பாலோபெக்டெரிபாராடைடு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது.

அத்தைக்கு இருந்த சிக்கல் வேறு. தைராக்ஸினுக்குக் கால்சியம் ஆகாது, அவருக்கோ இரண்டும் வேண்டும். ஒரு நாளின் நேரத்தை எப்படிப் பிரிப்பது? ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினோம். ஐந்தரைக்குத் தைராக்ஸின், தண்ணீர் மட்டும். ஆறரைக்குக் காபி. எட்டு மணி டிபனை ஒன்பதே முக்காலுக்குத் தள்ளி, அதோடு முதல் கால்சியம். மதியச் சாப்பாட்டோடு இரண்டாவது, இரவுச் சாப்பாட்டோடு மூன்றாவது. கால்சிட்ரியால் காலையும் இரவும். எட்டு மணிக்கே பசிக்கும் என்று சண்டை போட்டார். ஒரு வாழைப்பழத்தில் சமாதானம் ஆனது.

வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்து, மருத்துவர் கால்சியத்தைப் படிப்படியாகக் குறைத்தார். அடிபட்ட சுரப்பிகள் மூன்றாம் மாதம் மெல்லத் திரும்பிவிட்டன. தாளில் கால்சியம், கால்சிட்ரியால் வரிகளை அத்தையே பேனாவால் அடித்துவிட்டார். ஐந்தரை மணி வரி மட்டும் இன்னும் இருக்கிறது.